முனீஸ்வரியின் முகமும் மூன்று திருத்தங்களும்

ஆகஸ்ட் 4, திங்கள்

மில்லை விட்டு வந்து மூன்று மாதம் ஆகிறது. பேண்டேஜ் துணியில் குறை கண்டுபிடித்து ரிஜிஸ்டர் எழுதியே முப்பத்தெட்டு வருடம் ஓட்டிய கை, சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. உரக்கடையில் கொடுத்த டைரி ஜனவரியிலிருந்து காலியாகக் கிடந்தது. இன்றைக்குத் திறந்தாயிற்று. எழுத என்ன இருக்கிறது? காலையில் இட்லி. மதியம் புளிக்குழம்பு. முனீஸ்வரி அங்கன்வாடிக்குப் போய்விட்டாள். ராஜபாளையத்தில் வெயில்.

இவ்வளவுதான் என்று மூடி வைத்தேன். சாயங்காலம் கோயம்புத்தூரிலிருந்து மகள் பாண்டிசெல்வி போன் செய்தாள். ஐப்பசியோடு எனக்கு அறுபது முடிகிறது, அறுபதாம் கல்யாணத்துக்கு நாள் பார்க்க வேண்டாமா என்று கேட்டாள். நான் வாயைத் திறக்கும் முன்பே முனீஸ் பதில் சொல்லிவிட்டாள்.

"ஒங்கப்பாவை மட்டும் மணையில உக்காரச் சொல்லு. நான் வரல."

மகள் சிரித்தாள். நானும் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"மொதக் கல்யாணத்துலயே நான் இல்ல. ரெண்டாவதுக்கு எதுக்கு?"

ஆகஸ்ட் 5, செவ்வாய்

அவள் அங்கன்வாடிக்குப் போன பிறகு பரணில் ஏறி, பித்தளை அண்டாவுக்குள் கிடந்த கல்யாண ஆல்பத்தை எடுத்தேன். ஒன்பது தும்மல்.

1989. மொத்தம் நாற்பத்திரண்டு போட்டோ. எல்லாவற்றையும் செக்கிங் மேஜையில் துணி பார்ப்பதுபோல் பார்த்தேன். நாற்பத்திரண்டிலும் நான் இருக்கிறேன், கழுத்தை நிமிர்த்திக்கொண்டு, பதினோரு போட்டோவில் வாயைப் பிளந்துகொண்டு. முனீஸும் நாற்பத்திரண்டிலும் இருக்கிறாள். ஆனால் இருப்பது வகிடும் நெற்றிச்சுட்டியும் இரண்டு முழம் மல்லிகைப்பூவும்தான். முகம்? ஒன்றில்கூட இல்லை. அந்தக் காலத்தில் மணப்பெண் தலை நிமிர்ந்தால் அடங்காத பெண் என்று பேர் கட்டிவிடுவார்கள். அதனால் குனிந்தவள் குனிந்தவள்தான்.

வீட்டுக்கு யார் வந்து ஆல்பம் கேட்டாலும், "என் தலையப் பாக்கணுமா, இந்தா"ன்னு சொல்லிக் கொடுப்பாள். முப்பத்தாறு வருடமாக அதை வேடிக்கைப் பேச்சு என்றே நினைத்திருந்தேன். நேற்றுத்தான் உறைத்தது. அவள் ஒருநாளும் வேடிக்கைக்குச் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

மகளிடம் ரகசியமாகச் சொன்னேன். "இதென்னப்பா பெரிய விசயம்" என்று போட்டோவை ஏதோ ஆப்பில் போட்டு அனுப்பினாள். குனிந்த தலை நிமிர்ந்திருந்தது. நிமிர்ந்தது முனீஸ் இல்லை, சோப்பு விளம்பரத்துப் பெண். என் கையில் ஆறு விரல்.

ரிஜெக்ட்.

ஆகஸ்ட் 13, புதன்

பல் பிடுங்க ஸ்ரீவில்லிபுத்தூர் போயிருந்தேன். டாக்டர் அறைக்கு வெளியே சுவரில் ஒரு ஓவியம். கன்னத்தில் கை வைத்தபடி பெஞ்சில் ஒருத்தர் உட்கார்ந்திருக்கிறார். அவ்வளவுதான் படம். ஆனால் அதைப் பார்த்ததும் எனக்கு வலி கூடிவிட்டது. மூலையில் 'ரெனிட்டா' என்று கையெழுத்து. யாரென்று கேட்டால், இங்கேதான் மடவார் வளாகத்தில் மாடியில் இருக்கிற பிள்ளை, ஆள் பார்த்து வரைந்து கொடுக்கும் என்றார்கள். வாயில் பஞ்சோடு நேரே அங்கே போனேன்.

இருபத்தெட்டு வயதிருக்கும். கையெல்லாம் நீலம். நான் பஞ்சைக் கடித்துக்கொண்டு பேசியது அந்தப் பெண்ணுக்கு எப்படிப் புரிந்ததோ. செல்போனில் ஆல்பத்துப் படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள்.

"இதுல மொகமே இல்லையே அங்கிள்?"

"அதுக்குத்தானம்மா வந்திருக்கேன்."

இப்போதைய போட்டோ கேட்டாள். எங்கே இருக்கிறது? கேமராவைக் கண்டால் முனீஸ் குனிந்துவிடுவாள், அன்றைக்குப் பழகிய கழுத்து. இருப்பது ஆதார் அட்டைப் படம் ஒன்றுதான். அது முனீஸ்தானா என்று எனக்கே சந்தேகம்.

பெண் கறாரான ஆள். அழகு பண்ண மாட்டாளாம், ஆள் எப்படியோ அப்படித்தான் வருமாம். பென்சில் கோட்டில் மூன்று திருத்தம் கேட்கலாம். மூன்றே மூன்று. கலர் வைத்துவிட்டால் பிறகு கடவுளே வந்து சொன்னாலும் மாற்ற மாட்டாளாம். எனக்குப் பிடித்துவிட்டது. எந்தக் கலரில் வேண்டும் என்றாள். ஆயில் என்றேன், அது ஒன்றுதான் எனக்குத் தெரியும். மழைக்காலம் வருது, காய நாளாகும் என்றாள். ஐப்பசிக்கு இன்னும் எம்புட்டு நாள் இருக்கு, காஞ்சிரும் என்றேன்.

பிறகு நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு கேட்டாள். ஆன்ட்டி சிரிச்சா உதட்டுல எந்தப் பக்கம் மொதல்ல தூக்கும்? எந்தப் புருவம் ஒசரம்? மொகத்துல தழும்பு ஏதும் உண்டா?

ஒன்றுக்கும் பதில் தெரியவில்லை. பல் பிடுங்கியதால் பேச முடியவில்லை என்று சைகை காட்டிச் சமாளித்தேன். மீட்டருக்கு ஒரு இழை விட்டுப்போயிருந்தாலும் பத்தடி தள்ளி நின்று சொல்கிற ஆள் நான். பெண்டாட்டிக்கு எந்தப் புருவம் உயரம் என்று தெரியவில்லை. வெட்கமாக இருந்தது.

"அவசரமில்ல அங்கிள். பாத்துட்டு வந்து சொல்லுங்க."

ஆகஸ்ட் 16, சனி

பார்க்க ஆரம்பித்தாயிற்று. சாப்பிடும்போது, அவள் கீரை ஆயும்போது, டி.வி. பார்க்கும்போது. மூன்றாவது தடவை மாட்டிக்கொண்டேன்.

"என்ன பாக்குறீக?"

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாத எடத்தையா இம்புட்டு நேரமா பாக்குறீக?"

ஆகஸ்ட் 17, ஞாயிறு

இடது! இடது ஓரம்தான் முதலில் தூக்குகிறது. கருகிய தோசையை நான் சத்தமில்லாமல் தின்றதைப் பார்த்துச் சிரித்தாள்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

வலது புருவத்துக்குக் கீழே ஒரு தழும்பு, அரிசி நீளம். எப்போது வந்தது என்று கேட்டேன். "நம்ம செல்விக்கு மூணு வயசுல. தம்ளரை எறிஞ்சா. நீங்கதான ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனீக, தையல் போட?" என்றாள்.

நான்தானா?

ஆகஸ்ட் 22, வெள்ளி

இப்போது உள்ள முகம் சரி. இருபத்திரண்டு வயது முகத்துக்கு என்ன செய்ய? மகாராஜபுரத்திலிருந்து கருத்தையா வந்திருந்தான், முனீஸின் தம்பி. கொய்யா கொண்டுவந்தான். தனியே கூட்டிப்போய் விஷயத்தைச் சொன்னேன்.

"இதுக்கா மச்சான் கவலப்படுறீக? அக்கா சின்னதுல அப்புடியே என்னை உரிச்சு வச்ச மாதிரி இருக்கும். என்னைக் கூட்டிட்டுப் போங்க."

"நீ மீசை வச்சிருக்கியே மாப்ளே."

"மீசைய விட்டுட்டு வரையச் சொல்லுங்க."

கூட்டிப்போனேன். ரெனிட்டா முன்னால் இரண்டு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தான். வெட்கப்பட்டுத் தலையை வேறு சாய்த்துக்கொண்டான். அந்தப் பிள்ளை இரண்டு தடவை வெளியே போய்ச் சிரித்துவிட்டு வந்தாள்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

பென்சில் படம் வாட்ஸப்பில் வந்தது. பட்டுச் சேலை கட்டி, மாலை போட்டு, மல்லிகை வைத்து, என் பக்கத்தில் கருத்தையா உட்கார்ந்திருக்கிறான்.

முதல் திருத்தம் போயிற்று.

செப்டம்பர் 3, புதன்

போட்டோக்காரர் இசக்கிமுத்து அண்ணாச்சியைத் தேடி மம்சாபுரம் போனேன். கழுவாத பிலிம் ஏதாவது மிச்சம் இருக்காதா என்ற நப்பாசை. எழுபத்தாறு வயது, காது மந்தம். என் கல்யாணம் நன்றாக நினைவிருக்கிறதாம்.

"பொண்ணோட சித்தி ஒருத்தி பக்கத்துலயே நின்னாள்லா? பொண்ணு செத்த நிமிந்தா போதும், பிடரியில கைய வச்சு அமுக்குவா. நானும் 'மேல பாரும்மா'ன்னு கத்துறேன், அவ அமுக்குறா. நான் என்ன செய்ய?"

"கடைசி வரைக்குமா அண்ணாச்சி?"

"தாலி கட்டுற வரைக்கும் பாத்தேன். அம்மி மிதிச்சு மெட்டி போடுறப்ப நான் இல்ல தம்பி. பந்தி போட்டுட்டாக. ரெண்டாம் பந்தியில பாயாசம் இருக்காதுன்னாக."

உண்மைதான். ஆல்பத்தில் மெட்டி போடுகிற படம் இல்லை. முப்பத்தாறு வருடத்தில் எனக்கு இது தோன்றவே இல்லை. பாயாசம் நன்றாக இருந்ததா என்று கேட்டேன். அருமையாம்.

செப்டம்பர் 13, சனி

இன்று நடந்ததை எப்படி எழுத.

காலையில் முனீஸ், "சட்டைய மாட்டுங்க, ஆஸ்பத்திரிக்குப் போறோம்" என்றாள். யாருக்கு என்று கேட்டேன். செருப்பை மாட்டிக்கொண்டு முன்னால் நடந்தாள். போனால் எனக்குத்தான். ரத்தம், சர்க்கரை, கண். டாக்டரிடம் அவளே சொன்னாள்: "ஒரு மாசமா என் மூஞ்சியவே பாக்காக சார். கூப்பிட்டா திடுக்குன்னு முழிக்காக. இதுக்கு முன்னாடி இவுக என்னைப் பாத்ததே இல்ல."

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். எல்லாம் நார்மல் என்று அனுப்பிவிட்டார்.

பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போது என் கையைப் பிடித்தாள். அத்தனை ஜனத்துக்கு நடுவில், முனீஸ்வரி!

"மதுரையில வேற டாக்டரைப் பாத்தீகளா? எங்கிட்ட மறைக்காம சொல்லுங்க. எத்தனை மாசம்னு சொல்லிருக்காக?"

நான் சாகப் போகிறேன், அதனால்தான் அவளைப் பார்த்துப் பார்த்து வைத்துக்கொள்கிறேன் என்று நினைத்திருக்கிறாள். ஒரு மாதமாக அதைத் தனியாகச் சுமந்துகொண்டு அங்கன்வாடியில் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுத்திருக்கிறாள். ஐயோ. சொல்லிரலாமான்னு வாய் வரைக்கும் வந்துருச்சு. இன்னும் கொஞ்ச நாள்தானேன்னு முழுங்கிட்டேன். "ஒண்ணுமில்லடி, சும்மாதான் பாத்தேன்" என்றேன். சும்மா பார்த்தேன் என்பதைத்தான் அவளால் நம்ப முடியவில்லை.

செப்டம்பர் 17, புதன்

இரண்டாவது படம். முனீஸ் முனீஸாகவே வந்திருக்கிறாள், வயதைக் குறைத்து. இடது ஓரம் தூக்கியிருக்கிறது. தழும்பு வேண்டாம் என்று நானே சொல்லியிருந்தேன், கல்யாணத்தன்று அது கிடையாதே. எல்லாம் சரி. ஆனாலும் ஏதோ ஒன்று ஒட்டவில்லை. என்னவென்று சொல்லத் தெரியவில்லை.

வெறுமனே விடவும் மனசில்லை. என் மீசை அப்போது இன்னும் அடர்த்தி என்று எழுதிப் போட்டேன்.

"அப்ப இது ரெண்டாவது திருத்தம் அங்கிள்" என்று பதில் வந்தது. அடப்பாவி சமுத்திரம் என்று என்னையே திட்டிக்கொண்டேன், மீசைக்கு ஒரு திருத்தத்தைத் தொலைத்தாயே.

செப்டம்பர் 25, வியாழன்

குளித்துவிட்டு வந்தால் முனீஸ் கையில் என் செல்போன். நான் 'ரெனி பெயிண்ட் கடை' என்று பேர் போட்டு வைத்திருந்தேன், மாட்டிக்கொள்ளக் கூடாதென்று. செய்தி இதுதான்: 'அங்கிள், சிரிப்பு போதுமா? இன்னும் கொஞ்சம் வரட்டுமா?'

"எந்தப் பெயிண்ட் கடைக்காரி ஒங்களுக்கு எம்புட்டுச் சிரிப்பு வேணும்னு கேக்கா?"

துண்டோடு நின்று எல்லாவற்றையும் கொட்டினேன். ஆல்பம், பல் டாக்டர், கருத்தையா, இசக்கிமுத்து, மூன்று திருத்தம், எல்லாம். படத்தைக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"யாரு இது?"

"நீதான். இருவத்திரெண்டு வயசுல."

"இருவத்திரெண்டு வயசுல நான் எப்புடி இருந்தேன்னு ஒங்களுக்குத் தெரியுமா?"

பொய் சொல்லியிருக்கலாம். தெரியாதுன்னு சொல்லிட்டேன்.

"எனக்கும் தெரியாது" என்றாள். செல்போனை மேஜையில் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். ஒருவேளை இதோடு எல்லாம் முடிந்ததோ? மகளுக்குப் போன் போட்டு, நாள் பார்க்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

செப்டம்பர் 28, ஞாயிறு

பேச்சில்லை. ரசத்தில் உப்புமில்லை. நான் அவளைப் பார்க்கக்கூட இல்லை, பயம்.

அக்டோபர் 6, திங்கள்

முனீஸ் லீவு போட்டுவிட்டுக் காலையிலேயே கிளம்பினாள். கையில் ஒரு பை. எங்கே என்று கேட்டேன். "மீட்டிங்" என்றாள். அங்கன்வாடி மீட்டிங்குக்கு யாராவது கல்யாணப் பட்டுச்சேலையை எடுத்துக்கொண்டு போவார்களா? பையிலிருந்து முந்தி எட்டிப் பார்த்தது. நான் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

சாயங்காலம் நாலு மணிக்கு வாட்ஸப்:

'அங்கிள், மூணாவது திருத்தத்தை ஆன்ட்டி எடுத்துக்கிட்டாங்க. இனிமே திருத்தம் கிடையாது. படம் முடியிற வரைக்கும் உங்களுக்குக் காட்டக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க. சாரி அங்கிள்.'

அட்வான்ஸ் கொடுத்தது நானா, அவளா?

அக்டோபர் 9, வியாழன்

வீட்டில் நிலவரம் தலைகீழ். இப்போது அவள் என்னைப் பார்க்கிறாள். அதுவும் முகத்தை இல்லை, தலையை. "அந்த ஸ்பூன் கீழ விழுந்துருச்சு, எடுங்க" என்கிறாள். எடுக்கிறேன். "அந்தக் கட்டிலுக்கடியில என்ன கெடக்கு, பாருங்க." பார்க்கிறேன். ஒன்றும் இல்லை. நிமிர்வதற்குள் பின்னால் செல்போனில் கிளிக் சத்தம். நாலு நாளில் பதினேழு தடவை குனிந்திருக்கிறேன். இடுப்பில் தைலம் தேய்த்துக்கொண்டு இதை எழுதுகிறேன். எதற்கு என்று கேட்டால், "ஒண்ணுமில்ல, சும்மாதான் பாத்தேன்" என்கிறாள்.

பேசிவிட்டாள் என்பதே பெரிது.

அக்டோபர் 20, திங்கள், தீபாவளி

எண்ணெய் தேய்த்துவிடும்போது பின்னாலிருந்து சொன்னாள்: "ஐப்பசி இருவத்தி மூணு ஞாயித்துக்கெழம. அன்னைக்கு வச்சுக்கலாம்னு செல்விகிட்டச் சொல்லிருங்க."

எதை என்று கேட்டேன், மடையன்.

"ஒங்க கல்யாணத்தைத்தான். நானும் வாரேன். ஆனா அன்னைக்குப் படம் அங்க இருக்கணும். படம் இல்லைன்னா நான் மணையில உக்கார மாட்டேன், சொல்லிட்டேன்."

கண்ணில் எண்ணெய் போய்விட்டது என்று சொல்லிக்கொண்டேன்.

அக்டோபர் 29, புதன்

விடாமல் மழை. ரெனிட்டாவுக்கு இன்று மூன்றாவது போன்.

"வரைஞ்சு முடிச்சாச்சு அங்கிள். காயல."

"ஃபேனைப் போடேன்."

"ஃபேனுக்குக் காயிறதுக்கு அது துணியில்ல அங்கிள். ஆயில்."

"அயர்ன் பாக்ஸைத் தூரமா வச்சு..."

போனை வைத்துவிட்டாள். ஆயில் ஆயில் என்று பெருமையடித்த வாயை என்ன செய்ய? நானே வலியக் கேட்டு வாங்கிய வினை. இன்னும் பதினோரு நாள்.

நவம்பர் 6, வியாழன்

மழை. காயவில்லை.

நவம்பர் 8, சனி

காய்ந்தும் காயாமலும் இருக்கிற படத்தை வாங்க நானே ஸ்ரீவில்லிபுத்தூர் போனேன். மேலே எதுவும் படக்கூடாதாம். அட்டைப்பெட்டியை வெட்டி நாலு ஓரத்திலும் விளிம்புபோல் கட்டி, அதன்மேல் வேட்டி ஒன்றைத் தொங்கவிட்டுக் கொடுத்தாள் ரெனிட்டா. "தூக்கிப் பாக்க மாட்டேன்னு சொல்லுங்க அங்கிள்" என்றாள். சொன்னேன்.

ஆட்டோ எல்லாம் கல்யாண சவாரிக்குப் போய்விட்டது. பஸ்தான். மூன்றடிக்கு இரண்டரையடி. கண்டக்டர், "என்ன சார், ஜன்னலைக் கழத்திட்டுப் போறீகளா?" என்றார். படிக்கட்டுக்குப் பக்கத்தில் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றேன். பஸ் ஒடித்துத் திரும்பும்போதெல்லாம் படம் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்.

பக்கத்து சீட்டில் ஒரு அம்மா கைக்குழந்தையோடு உட்கார்ந்திருந்தாள். குழந்தை வேட்டியைப் பிடித்து இழுத்துவிட்டது. எனக்கு முதுகுப்பக்கம்தான் தெரிந்தது. அந்த அம்மா பார்த்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். பிறகு, "கொஞ்சம் குனிங்கண்ணே" என்றாள்.

குனிந்தேன்.

"ஐய, நீங்களேதான்!" என்று சிரித்தாள் பாருங்கள், பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. கண்டக்டரும் வந்து பார்த்தார். அவரும் என்னைக் குனியச் சொன்னார். என்னைத் தவிர ராஜபாளையம் பஸ்ஸில் வந்த அத்தனை பேரும் என் படத்தைப் பார்த்துவிட்டார்கள். நான் சொன்ன சொல் தவறவில்லை.

நவம்பர் 9, ஞாயிறு

நாளை எழுதுகிறேன். இன்று சந்தோஷப்படவே நேரம் சரியாக இருக்கிறது.

நவம்பர் 10, திங்கள்

மண்டபத்து வாசலில் நாற்காலி மேல் படத்தைச் சாய்த்து வைத்திருந்தார்கள். சொந்தக்காரர்கள் எல்லோரும் சுற்றி நின்றார்கள். முனீஸ்தான் வேட்டியை எடுத்தாள்.

படத்தில் கல்யாணப் பந்தல். நடுவில் முனீஸ்வரி. இருபத்திரண்டு வயது முனீஸ் இல்லை, ஐம்பத்தெட்டு வயது முனீஸ். நரை, கண்ணாடி, எல்லாவற்றோடும், அந்தப் பழைய பட்டுச்சேலையில். ஒரு கால் அம்மி மேல். தலை நிமிர்ந்து, நேராகப் பார்த்துச் சிரிக்கிறாள். பக்கத்தில் சித்தி, பந்தலில் உள்ள எல்லோரும், அத்தனை பேரும் குனிந்து அவள் கால் விரலைப் பார்க்கிறார்கள். அந்தக் கால் விரலில் ஒரு ஆள் மெட்டி மாட்டிக்கொண்டிருக்கிறான். அவனுக்கு முகம் இல்லை. நடு உச்சியில் வழுக்கை மட்டும் இருக்கிறது, டியூப்லைட் வெளிச்சம் பட்டதுபோல் பளபளவென்று.

"மாப்பிள்ள எங்க?" என்றார் ஒருத்தர்.

"அந்தா, வழுக்கை" என்றான் கருத்தையா. மண்டபம் அதிர்ந்தது. அவன் முகத்தைப் படத்தில் எங்கும் காணோம் என்பதில் அவனுக்கு வருத்தம்.

எனக்கும் சிரிப்புதான். ஆனாலும் கேட்டேன்: "மெட்டி போடையில நீ நிமிந்தியா?"

"பின்னே? மெட்டி என் விரலுக்குப் போகல. அளவு தப்பு, மாத்திக் கொண்டாங்கன்னு என் காலைப் பிடிச்சுக்கிட்டே சத்தம் போட்டீக, மில்லுல சொல்லுற மாதிரி. என்னாச்சு என்னாச்சுன்னு அம்புட்டுப் பேரும் காலைப் பாத்தாக. சித்தியும் கைய எடுத்துட்டுக் குனிஞ்சா. நான் அப்பத்தான் தலையைத் தூக்குனேன். பந்தல் முழுசும் பாத்தேன். எனக்குச் சிரிப்பு வந்துருச்சு, நல்லாச் சிரிச்சேன்." படத்தைக் காட்டி, "அந்தக் கல்யாணத்துல நான் இருந்தது அந்த ஒரு நிமிசந்தான். அதை யாரும் பாக்கல, நீங்களும் பாக்கல" என்றாள்.

நான் கண்ணாடியைக் கழற்றினேன். நல்லவேளை, ரெனிட்டா வந்து காப்பாற்றினாள். முனீஸ் அழைத்திருந்தாளாம். "குறை ஏதும் இருக்கா அங்கிள்?" என்றாள்.

கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு கிட்டப் போனேன். உதட்டில் இடது ஓரம் தூக்கல். சரி. வலது புருவத்துக்குக் கீழே அரிசி நீளம் தழும்பு. சரி. வலது புருவம் ஒரு நூல் உயரம். சரி. சிரிக்கும்போது இடது கண் கொஞ்சம் சின்னதாகும், அதுவும் இருந்தது. அதை நான் அந்தப் பிள்ளையிடம் சொன்னதே இல்லை. ஆகஸ்டில் கேட்டிருந்தால் எனக்கே தெரிந்திருக்காது. பென்சில் படத்தில் ஒட்டாமல் இருந்தது என்னவென்று இப்போது புரிந்தது. அது யாரோ ஒரு நல்ல பெண். இது நான் ஆகஸ்டிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிற முகம்.

குறை ஒன்றும் இல்லை என்றேன். முப்பத்தெட்டு வருடச் சர்வீசில் இந்த வார்த்தையை நான் இவ்வளவு சீக்கிரம் சொன்னதில்லை.

பிறகு மணை, மாலை, தாலி. மெட்டி போடுகிற நேரம் வந்தது. அம்மி மேல் காலை வைத்தாள். குனிந்தேன். இந்தத் தடவை அளவு சரி, வழுக்கிக்கொண்டு போய்விட்டது. ஆனாலும் போகவில்லை என்பதுபோல் கொஞ்சம் நேரம் திருகிக்கொண்டே இருந்தேன். எல்லோரும் காலைப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

அப்போது தலையைத் தூக்கினேன்.

"சார், கீழ பாருங்க! மெட்டியப் பாருங்க!" என்று போட்டோக்காரப் பையன் கத்தினான். நான் பார்க்கவில்லை.

நவம்பர் 30, ஞாயிறு

புது ஆல்பம் வந்தது. இருநூற்றுப் பதினான்கு படம். முனீஸ் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாக எண்ணினாள். எல்லாவற்றிலும் முகம் இருக்கிறது. மெட்டிப் படத்தில் மட்டும் செத்த நேரம் நின்றாள். அவள் நேராகப் பார்த்துச் சிரிக்கிறாள். நான் அவளை அண்ணாந்து பார்ப்பதால், எனக்குப் பின்னால் நின்ற கேமராவுக்குக் கிடைத்தது என் வழுக்கைதான்.

"இதுலயும் ஒங்க மூஞ்சியக் காணோமே" என்றாள்.

இடது ஓரம் முதலில் தூக்கியது.

கருத்தையா போனில் வம்பு பண்ணுகிறான், அவனையும் தனியாக வரைந்து தரச் சொல்லி ரெனிட்டாவிடம் கேட்க வேண்டுமாம், மீசையோடு. ஓவியம் வீட்டுச் சுவரில் மாட்டியாயிற்று. ஆயில் இன்னும் ஒரு மூலையில் காயவில்லை. ஆல்பத்தை நான் பரணில் வைக்க ஏணியை எடுத்தேன். வேண்டாம் என்று வாங்கி டி.வி.க்குப் பக்கத்தில் வைத்துவிட்டாள், வருகிறவர்களுக்குக் கையெட்டும் இடத்தில்.